நாற்பத்தோராம் இலக்கக் காணியின் கிணறு

அனுப்புபவர்:
திருமதி பெர்னடெற் கிருஷ்ணராசா,
உரைபெயர்ப்பாளர் (தமிழ் – ஆங்கிலம்),
மோர்டன், லண்டன்.

பெறுபவர்:
தலைவர் அவர்கள்,
வெளிநாட்டு உதவித் தகைமைச் செயலணி,
கொழும்பு.

விடயம்: புன்னைமணற்குடாவில் இன்னமும் வேலிக்குள் இருக்கும் 41ஆம் இலக்கக் காணியை விடுவிக்கப்பட்டதாகப் பதிந்தமையைத் திருத்தக் கோரலும், அப்பதிவின் காரணமாக எனது தம்பி 31.10.2025 அன்று தற்காலிகக் கொட்டிலிலிருந்து வெளியேற்றப்படுவதை நிறுத்தக் கோரலும்.

கனம் ஐயா,

1. தங்களை நான் ஒரு தடவை நேரில் கண்டிருக்கிறேன். சென்ற வருடம் நவம்பர் 14ஆம் திகதி, வியாழக்கிழமை, லண்டனில் நீலக்கடல் அபிவிருத்தி நிதியத்தின் மண்டபத்தில் நடந்த, எமது நாடு உதவி பெறும் தகைமை பற்றிய விசாரணைக்குத் தாங்கள் எமது நாட்டுத் தூதுக்குழுவின் தலைவராக வந்திருந்தீர்கள். சாட்சிக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் நடுவே அமர்ந்திருந்த உரைபெயர்ப்பாளர் நான். எல்லாம் முடிந்ததும் தாங்கள் எழுந்து வந்து கைகுலுக்கி, சாட்சியே ஆங்கிலத்தில் பேசியது போல இருந்தது என்று பாராட்டினீர்கள். இந்த மனு அந்தப் பாராட்டைப் பற்றியது.

2. இதே விடயமாக ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதிவிட்டேன். தங்களுக்குத் தமிழ் தெரியாது என்று அறிந்தும் இம்முறை தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கு சம்பந்தப்பட்ட மனிதர் தமிழில்தான் பேசினார். அவர் பேசியதும் தமிழ்தான், அவருக்கு வந்திருக்கும் வெளியேற்ற அறிவித்தலும் தமிழ்தான். இடையில் ஆங்கிலமாக நின்றவள் நான் ஒருத்தி மட்டுமே. மேலும் இந்த மனுவின் பிரதியை அவர் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

3. அந்த உதவி நாட்டுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அறியாதவள் அல்ல நான். நிதியம் காணி உரிமை போன்ற இருபது சுட்டிகளால் நாடுகளை அளக்கிறது. பதினொன்று பச்சையானால்தான் கதவு திறக்கும். இரண்டு வருடங்களாக எமது அதிகாரிகள் தலைநகர் தலைநகராக ஏறி இறங்கினார்கள், விருந்து வைத்தார்கள், சட்டங்களைத் திருத்தினார்கள். பத்துச் சுட்டிகள் பச்சையாயின. பதினோராவதாக எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது காணி உரிமை ஒன்றுதான். அது சிவப்பில் நின்றது. அது மாறினால் கரையோரக் கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் வரும் என்று சொல்லப்பட்டது. வரட்டும் ஐயா. உவர்த் தண்ணீரில் சோறு சமைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். குழாய் வருவதை எதிர்த்து நான் ஒரு சொல்லும் எழுதவில்லை.

4. சுட்டியைப் பச்சையாக்குவதற்காகச் செயலணி சமர்ப்பித்த பட்டியலில் புன்னைமணற்குடாவின் அறுபத்து மூன்று காணிகள் இருந்தன. அறுபத்து மூன்றும் உரியவர்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் நாற்பது காணிகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. அங்கே ஆட்கள் குடியேறிவிட்டார்கள், தென்னம்பிள்ளையும் வைத்துவிட்டார்கள். நாற்பத்தொன்றிலிருந்து இராணுவ முகாமின் வேலி தொடங்குகிறது. 41ஆம் இலக்கக் காணி என் தம்பி சூசைதாசனுடையது. எங்கள் தகப்பனார் எழுதி வைத்த காணி உறுதிப் பத்திரம் அவரிடம் இருக்கிறது. காணி வேலிக்குள் இருக்கிறது.

5. சூசைதாசன் ஐம்பத்தொரு வயதுக் கடற்றொழிலாளி. 2007ஆம் ஆண்டிலிருந்து மனைவியோடும் மகள் டிலக்சனாவோடும் பிரதேச செயலகம் கொடுத்த தகரக் கொட்டிலில் வாழ்கிறார். அவரைப் போல மனு எழுதியவர் அந்த ஊரில் இல்லை. காணி அலுவலகம், ஆயர் இல்லம், ஆணைக்குழுக்கள் என்று எழுதி எழுதி, கடைசியில் தபால் கந்தோரில் இருப்பவரே முகவரியைச் சரிபார்த்துக் கொடுக்கும் அளவுக்குப் போயிற்று. அதனால்தான் தங்கள் செயலணியின் இணைப்பாளர் லண்டனில் சாட்சி சொல்ல அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். காணி கிடைத்துவிட்டது என்று நாற்பது பேர் சொல்வதை விட, ஓயாமல் முறையிட்ட ஒருவர் சொன்னால் மதிப்பீட்டாளர் நம்புவார் அல்லவா. கணக்குச் சரிதான்.

6. சென்ற வருடம் அக்டோபர் மாதம் அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன். வார்த்தைகளை அப்படியே தருவதுதான் என் தொழில். “அக்கா, நான் லண்டனுக்கு வாறன். கடதாசி எல்லாம் ஆயத்தமாம், கையெழுத்துத்தான் மிச்சமாம். நான் அங்க வந்து கிடைச்சிட்டுது எண்டு சொன்னால், ஈஸ்டருக்கு முன்னம் வேலியைக் கழட்டித் தருவினமாம்.” அது பொய்யல்லவா என்று கேட்டேன். கொஞ்சம் முந்திச் சொல்லுகிற உண்மை என்றார். பதினேழு வருடமாக உண்மையைச் சொல்லிக் களைத்த மனிதருக்கு நான் என்ன சொல்ல ஏலும்?

7. இனி என் குற்றத்தை எழுதுகிறேன். அன்றைய விசாரணைக்கு முகவர் நிறுவனம் முதலில் நியமித்தது என்னை அல்ல, என் சக உரைபெயர்ப்பாளர் தாரகாவை. டூட்டிங்கில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து அவரைக் கெஞ்சி, அந்த நாளை எனக்கு மாற்றிக்கொண்டேன். காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை. சாட்சியை முன்பே அறிவீரா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று அடையாளமிட்டேன். என் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர் இருந்ததால் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. நான் தம்பியைக் கண்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் எனக்கு விசா இல்லை. விசா கிடைத்தபோது கணவருக்கு டயலிசிஸ் தொடங்கிவிட்டது. தூதுக்குழு தம்பியை எங்கும் தனியே விடாது என்று அறிந்தேன். அவர் அருகில் நாற்பது நிமிடம் இருப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த வாக்குமூலத்தால் என் தொழிற்பதிவு இரத்தாகும் என்பதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

8. எங்கள் தொழிலின் முறை ஒன்றைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். உரைபெயர்ப்பாளர் ஒருபோதும் “அவர் சொல்கிறார்” என்று சொல்லக் கூடாது. சாட்சி “நான்” என்றால் நாங்களும் “நான்” என்போம். சாட்சி “என் வீடு” என்றால் நாங்களும் “என் வீடு” என்போம். பதினாறு வருடங்களாக வைத்தியசாலைகளிலும் புகலிடத் தீர்ப்பாயங்களிலும் இப்படித்தான் நூற்றுக்கணக்கான பேரின் வாயாக இருந்திருக்கிறேன். என்னை அடித்தார்கள், என் பிள்ளையைக் காணவில்லை என்றெல்லாம் என் வாயால் சொல்லியிருக்கிறேன். உண்மை பேசிய எத்தனையோ பேரைத் தீர்ப்பாயம் நம்பாமல் திருப்பி அனுப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு திகதி பிழைத்தால் போதும், நாள் முழுவதும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அன்று மண்டபத்தில் ஒரு பொய் சொல்லப்பட்டது. அதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்க எவரும் இருக்கவில்லை.

9. தம்பி உள்ளே வந்தார். யாரோ கொடுத்த கோட் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல வந்து அமர்ந்தார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல, வேதாகமத்தில் கை வைத்து, உண்மையாக உரைபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியும் விட்டேன், ஒரே ஒரு இடத்தைத் தவிர.

10. தங்கள் இணைப்பாளர் ஊரில் ஆள் வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்ததை அவர் பிசகாமல் சொன்னார். காணி கிடைத்தது, உறுதி பார்க்கப்பட்டது, அதிகாரிகள் மரியாதையாக நடத்தினார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்போது தலைமை மதிப்பீட்டாளரான அம்மையார், எவரும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். இத்தனை வருடத்தின் பின் வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இதற்கு எவரும் விடை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தாங்கள் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

11. தம்பி மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “நேர கிணத்தடிக்குத்தான் போனனான். ஒரு வாளி தண்ணி அள்ளி முகம் கழுவினன்.” அந்தக் கிணறு எங்கள் தகப்பனார் வெட்டியது. சுற்றிலும் எல்லாக் கிணறும் உவராக இருக்க, அது ஒன்றுதான் நல்லதண்ணிக் கிணறு. பாதி ஊர் அங்கே வந்துதான் குடிக்க அள்ளும். விசாரணைக்கு மூன்று கிழமைகளுக்கு முன்புதான் டிலக்சனா எனக்கொரு படம் அனுப்பியிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் தகப்பன் நிற்கிறார், அந்தப் பக்கம் பற்றைக்குள் கிணற்றுக் கட்டு தெரிகிறது. ஆகவே அவர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு, நான் கிணற்றடிக்குப் போனேன், நான் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது எனக்கு முகம் குளிர்ந்தது ஐயா. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

12. தண்ணீர் எப்படி இருந்தது என்று அம்மையார் கேட்டார். தம்பி அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, “நல்ல தண்ணியக்கா. உங்களுக்குத் தெரியுந்தானே” என்றார். நான், தண்ணீர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். மிகுதியை விட்டுவிட்டேன். என் பதினாறு வருடத் தொழிலில் நான் விழுங்கிய சொற்கள் அவை மட்டும்தான். தூதுக்குழுவில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லாததால் அது எவருக்கும் தெரியவில்லை. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எதையோ எழுதினார். காணி உரிமை பச்சையானது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

13. நான் கையை உயர்த்தி, உரைபெயர்ப்பாளர் பேச விரும்புகிறார் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் விதிகளில் அதற்கு இடம் உண்டு. நான் வாய் திறந்திருந்தால், தம்பி அதே அதிகாரிகளோடு அதே விமானத்தில் பொய்யராக ஊர் திரும்பியிருப்பார். ஈஸ்டருக்கு வரப்போகும் காணி வராது. கரையோரத்துக்குத் தண்ணீரும் வராது. இவ்வளவையும் எண்ணிப் பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் எண்ணியது இன்னும் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் இருக்கலாம் என்பதை மட்டுமே.

14. மனுவுக்கு அவசியமற்ற ஒன்றையும் எழுத அனுமதியுங்கள். தம்பி காலடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். வெளியேறும்போது அதை மறந்தவர் போல விட்டுச் சென்றார். மணம் மண்டபம் முழுவதும் பரவியிருந்தது. போகும்போது அதைக் குப்பையில் போட்டுவிடுமாறு தங்கள் இணைப்பாளர் என்னிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டார். அது பாரைக் கருவாடு. எனக்காகக் கொண்டு வந்தது. நொதேர்ன் லைன் ரயிலில் எல்லாரும் என்னை விட்டு விலகி நிற்க, அதை மடியில் வைத்துக்கொண்டு மோர்டன் வரை வந்தேன். பதினொரு மாதமாகியும் சமைக்க மனம் வரவில்லை. இன்னும் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது.

15. பெப்ரவரியில் நாடு தகைமை பெற்றது. பத்திரிகைகளில் தங்கள் படமும் வந்தது. ஈஸ்டர் வந்து போயிற்று. வேலி கழற்றப்படவில்லை. ஜூன் மாதம் நிதியம் வெளியிட்ட ஆண்டறிக்கையில், கிணற்றடியில் முகம் கழுவிய மனிதரின் கூற்று முழுப்பக்கத்தில் அச்சாகியது. டிலக்சனா அதைக் கண்டு, “மாமி, அப்பாவின்ர கதையைப் புத்தகத்தில போட்டிருக்கினம், இனி எப்பிடியும் தருவினம்” என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். செப்டெம்பர் 22ஆம் திகதி பிரதேச செயலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. சொந்தக் காணி மீளக் கிடைத்தவர்கள் தற்காலிகக் கொட்டிலில் இருக்க உரித்தற்றவர்கள், ஆகவே அக்டோபர் 31க்கு முன் வெளியேறவும் என்று அதில் இருக்கிறது. தம்பி நேரில் போய்க் காணி கிடைக்கவில்லை என்று சொன்னார். அங்கிருந்த உத்தியோகத்தர், “லண்டன் வரைக்கும் போய்க் கிடைச்சிட்டுது எண்டு சொன்ன ஆள் நீங்கள்தானே, பிறகென்ன?” என்று கேட்டாராம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தன் கையிலிருந்த கோவையில் பதிந்துள்ளதைப் பார்த்துப் பேசினார்.

16. தங்கள் செயலணிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் ஒரே பதில் வந்தது. சாட்சியம் ஒலிப்பதிவில் இருப்பதால் மேலதிக விசாரணை தேவையில்லை என்றது அப்பதில். நிதியத்துக்கு எழுதினேன். தனிநபர் காணி விடயங்களில் தலையிடுவதில்லை என்றும், உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்றும் நினைவூட்டினார்கள். இங்கே எமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். இது இந்த நாட்டு விடயமல்ல என்று சொல்லி, பஸ் நிலையம் வரை கூடவே நடந்து வந்து வழியனுப்பினார். நல்ல பிள்ளை. எல்லாரும் நல்ல மாதிரித்தான் கதைக்கிறார்கள்.

17. அந்த ஒலிப்பதிவை நான் விண்ணப்பித்துப் பெற்றுக் கேட்டேன். நிதியம் ஆங்கில ஒலிவாங்கியை மட்டுமே பதிவு செய்திருக்கிறது. நாற்பது நிமிடத்தில் என் தம்பியின் குரல் ஒரு இடத்திலும் இல்லை. என் காணி, என் வீடு, நான் முகம் கழுவினேன் என்று தொடக்கம் முதல் முடிவு வரை பேசுவது நான். அரசாங்கம் அத்தாட்சியாக வைத்திருப்பது என் குரலை. அதை மறுத்துச் சொல்ல நான் வந்தால், நீர் உரைபெயர்ப்பாளர், உமக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை என்கிறார்கள். தம்பி மறுத்தால், பதிவைக் கேளும் என்கிறார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா.

18. நாடு பெற்ற தகைமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தங்களைப் பொய்யர் என்றும் எழுதவில்லை. அறுபத்து மூன்றும் கொடுபட்டுவிட்டது என்று தங்களுக்கும் யாரோ எழுதித் தந்திருக்கலாம். என் வேண்டுகோள்கள் சிறியவை. 41ஆம் இலக்கத்துக்கு நேரே “இன்னும் விடுவிக்கப்படவில்லை” என்று ஒரு வரி எழுதச் செய்யுங்கள். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாயின், அது கிடைக்கும் வரையாவது 31ஆம் திகதி வெளியேற்றத்தை நிறுத்தி வையுங்கள். மாரி மழை தொடங்குகிற நேரத்தில் அந்தக் குடும்பம் போக இடமில்லை. தண்டனை தேவையென்றால் படிவத்தில் பொய் அடையாளமிட்ட எனக்குத் தாருங்கள்.

19. பதிவைத் திருத்தினால் சுட்டி மறுபடியும் சிவப்பாகிவிடும், ஆகவே இவ்விரண்டும் இயலாது என்று தாங்கள் எழுதக்கூடும் என்பதையும் நான் உணர்கிறேன். அப்படியானால் ஒரேயொரு உபகாரம் செய்யுங்கள். 31ஆம் திகதிக்கு முன் ஏதாவது ஒரு நாள், காவலோடு என்றாலும் சரி, என் தம்பியை வேலிக்குள் அரை மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். கையில் ஒரு வாளியும் கயிறும் கொண்டுபோக விடுங்கள். அவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஒரு தடவை முகம் கழுவட்டும். அதன் பிறகு தங்கள் பதிவில் பிழை இருக்காது. நான் சொன்னதும் பொய்யாக இருக்காது.

இணைப்புகள்: வெளியேற்ற அறிவித்தலின் பிரதி, காணி உறுதியின் பிரதி, வேலியும் கிணறும் தெரியும் படம்.

திகதி: 06.10.2025
இடம்: மோர்டன், லண்டன்

அன்று மண்டபத்தில் “நான்” என்று சொன்னவள்,

(ஒப்பம்)
பெர்னடெற் கிருஷ்ணராசா
சூசைதாசனின் அக்கா